வாசித்தால் மட்டும் அனுப்பு

நாலு மில்லிமீட்டர். அந்த எண்ணை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

கீனகந்தைத் தோட்டத்தில் ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிக்கு ஒரு குறுஞ்செய்தி போகும். "இன்று மழை 4 மி.மீ. மண்சரிவு ஆபத்து இல்லை." தோட்டத்தை நடத்துகிற பெரிய தொரைக்குப் போகும், வெளிக்கள உத்தியோகத்தர்களுக்குப் போகும், கீழ் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற பத்துத் தொழிலாளர் குடும்பங்களுக்கும் போகும். எனக்கும் வரும். நான் தோட்டத்து ஆள் இல்லை. ருவான்வெல்லை பஸாரில் போட்டோக் கொப்பி, போம் நிரப்பல், ரீலோட் என்று ஒரு சின்னக் கொமினிகேஷன் வைத்திருக்கிறேன். செய்தி அனுப்புகிற கருவிக்கு சிம் என்னிடம் வாங்கியதுதான். போகிறதா இல்லையா என்று பார்த்துக்கொள்ள வசதியாக இருக்கும் என்று என் நம்பரையும் பட்டியலில் போட்டுவிட்டான் தோட்டத்து ஒபிஸ் கிளாக்கர் சுதாகரன். நானும் ஒவ்வொரு காலையும் அதைப் பார்ப்பேன், அழிப்பேன், தேத்தண்ணி வைக்கப் போவேன்.

அரநாயக்கவில் மலை சரிந்து சனத்தை மூடிய பிறகு எங்கள் பக்கத்து மேட்டு நிலங்களுக்கெல்லாம் ஆட்கள் வந்து அளந்தார்கள். கீனகந்தைக்கு ஏதோ ஓர் அமைப்பு மழைமானி ஒன்றைக் கொண்டுவந்து, கீழ் லயத்துக்கு மேலே இறப்பர் மலையில் ஒரு கம்பத்தில் பொருத்தியது. அதிலிருந்து வயர் இழுத்து, தோட்டத்து ஒபிஸில் சோற்றுப் பெட்டி அளவில் ஒரு சின்னக் கணினியை வைத்தது. படம் எடுத்தார்கள், பலகை ஒன்றை நட்டார்கள், போய்விட்டார்கள். மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்படி சுதாகரனிடம் சொன்னார்கள்.

செப்டெம்பரில் ஒரு நாள் ஜெயம்மா என் கடைக்கு வந்தாள். கீழ் லயத்துக்காரி, இறப்பர் பால் வெட்டுகிறவள். புருஷன் அழகமுத்து பால் வாளியோடு படியில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து, கரவனெல்ல ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்து, இப்போது லயத்து ஒற்றை அறைக் காம்பிராவில் படுத்த படுக்கை. அவருடைய கிளினிக் கொப்பியைத்தான் கொப்பி எடுக்கக் கொண்டுவந்திருந்தாள். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது சும்மா பேச்சுக் கொடுத்தேன். இந்த வருஷம் மழை எப்படி என்று கேட்டேன்.

"அந்த மழப் பொட்டிதான் சாஞ்சி கெடக்குதே மிஸ். பன்னி முட்டித் தள்ளிருச்சி. சித்திர வருஷத்தோட சரி, யாரும் தூக்கி வைக்கல."

சித்திரை எங்கே, செப்டெம்பர் எங்கே. ஐந்து மாதம். அப்படியானால் செய்தி எப்படி வருகிறது என்று கேட்டேன். அது ஒழுங்காக வருகிறது என்றாள், பெருமையாக.

போனை எடுத்தேன். நல்ல வேளை, எல்லாவற்றையும் அழித்திருக்கவில்லை. ஏப்ரல் கடைசி வரை பின்னோக்கித் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். நாலு. நாலு. நாலு. மே மாதம் பஸார் பாலத்துக்கு மேலால் தண்ணீர் போன அன்றைக்கும் நாலு. என் கடைக்குள் தண்ணீர் ஏறி, இரண்டு பெட்டிக் கடதாசி ஊறிப்போன அதே நாள். அன்று காலையும் இதைப் பார்த்துவிட்டுத்தானே தேத்தண்ணி வைக்கப் போயிருக்கிறேன், என் புத்தியை என்ன சொல்வது! யாரைத் திட்டுவது என்று தெரியாமல் முதலில் என்னையே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். சுதாகரனும் நானும் கேகாலையில் ஒரே கணினி டிப்ளோமா வகுப்பில் இருந்தவர்கள். நல்ல பிள்ளை, கை சுத்தம், யாரிடமும் முகம் கோணமாட்டான். அந்த முகம் கோணாத குணம்தான் எனக்கு ஆகாது. மழைமானி விழுந்து கிடப்பது தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றான். அமைப்புக்குக் கடிதம் போட்டிருக்கிறதாம், பதில் வரும் என்றான்.

"வாசிக்காம எப்படி சுதாகரன் செய்தி போகேலும்?"

கறுப்புத் திரையைத் திறந்து காட்டினான். காலை ஆறு மணிக்கு ஓடுகிற வரி அது. அதில் இரண்டு கட்டளை. முதலாவது, மழைமானியை வாசித்து எண்ணை ஒரு கோப்பில் எழுதும். இரண்டாவது, அந்தக் கோப்பில் இருக்கிற எண்ணைப் பார்த்துச் செய்தி அனுப்பும். நூறைத் தாண்டினால் வெளியேறுங்கள் என்று போகும், தாண்டாவிட்டால் ஆபத்து இல்லை என்று போகும். இரண்டு கட்டளைக்கும் நடுவில் ; என்று ஓர் அரைப்புள்ளி.

எனக்கு விளங்கிவிட்டது. கணினிக்கு அரைப்புள்ளி என்றால், முதல் வேலை என்னவானாலும் சரி, அடுத்ததைச் செய் என்று அர்த்தம். முதல் கட்டளை மழைமானியைக் கூப்பிடுகிறது, பதில் இல்லை, தோற்றுப்போகிறது. கோப்பில் புதிதாக எதுவும் எழுதப்படவில்லை. பன்றி முட்டுவதற்கு முதல் நாள் எழுதிய நாலு அப்படியே கிடக்கிறது. இரண்டாவது கட்டளை வந்து அந்தப் பழைய நாலைப் பார்த்து, ஆபத்து இல்லை என்று பத்துக் குடும்பத்துக்கு அனுப்புகிறது. ஐந்து மாதமாக.

இதை வேண்டுமென்றுதான் அப்படி எழுதினாயா என்று கேட்டேன். அவன் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. ஆறு மணிக்குத் தொரையின் போனுக்குச் செய்தி வராவிட்டால் ஆறு ஐந்துக்குத் தொரை இவனுக்கு அழைப்பாராம். அதனால் எது நடந்தாலும் செய்தி போகிற மாதிரி எழுதினானாம்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. அவனுடைய அப்பா ஐயாவு அதே தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் எல்லாரும் வந்தாச்சா என்று தொரை கேட்டால், வந்தாச்சுங்க என்று முதலில் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் லயத்துக்கு ஓடி வராதவர்களைக் கதவைத் தட்டி எழுப்பி இழுத்துக்கொண்டு வருவாராம். இதை அவனே சிரித்துச் சிரித்து என்னிடம் சொல்லியிருக்கிறான். அந்தத் தோட்டமே அப்படித்தான் ஓடுகிறது. பால் எடை போட்டாச்சா, போட்டாச்சுங்க. மருந்து அடிச்சாச்சா, அடிச்சாச்சுங்க. பதில் முந்தி, வேலை பிந்தி. பெரும்பாலும் வேலையும் நடந்துவிடும் என்பதால் யாருக்கும் அது பொய்யாகப் படுவதில்லை. ஆனால் மழைமானியைக் கதவு தட்டி எழுப்ப ஏலாதே.

நான் அந்த அரைப்புள்ளியை எடுத்துவிட்டு && என்று போட்டேன். முதல் வேலை நடந்தால் மட்டும் அடுத்ததைச் செய் என்று அதற்கு அர்த்தம். வாசித்தால் மட்டும் அனுப்பு. அவ்வளவுதான் விஷயம். இறப்பர் மரத்தில் பட்டை காய்ந்திருந்தால் மட்டும் வெட்டு, ஈரமாக இருந்தால் கத்தியை வைக்காதே என்பது இந்தத் தோட்டத்தில் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஒபிஸுக்குள் வந்தால் மட்டும் மறந்துபோகிறது.

அடுத்த நாள் காலை செய்தி வரவில்லை. வாசிக்கவில்லை, அனுப்பவில்லை, சரிதான். ஆறு ஐந்துக்குத் தொரை சுதாகரனுக்கு அழைத்தார். அன்று மத்தியானம் ஜெயம்மாவுக்கு அழைத்து, செய்தி வராதபோது என்ன நினைத்தீர்கள் என்று கேட்டேன். செய்தி வராவிட்டால் ஆபத்து இல்லை என்றுதானே அர்த்தம் என்றாள். எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுபடி போனேன். இந்தத் தடவை வரியின் கடைசியில் || என்று இரண்டு நேர்கோடு போட்டேன். நடக்காவிட்டால் இதைச் செய் என்று அதற்கு அர்த்தம். வாசித்தால் எண்ணை அனுப்பு, இல்லையென்றால் வேறு செய்தி அனுப்பு. அந்த வேறு செய்தியை நானே எழுதினேன்: "மழைமானி வாசிக்கவில்லை. ஆபத்து உண்டா இல்லையா என்று தெரியாது. மழை பலமாக இருந்தால் பள்ளிக்கூடத்துக்கு ஏறுங்கள்." சுதாகரன் பக்கத்தில் நின்று பார்த்தான். அந்த இரண்டு கோடும் என்ன செய்யும் என்று இரண்டு தடவை கேட்டான். நானும் மினக்கெட்டு விளங்கப்படுத்தினேன். அல்லாவே, அன்றைக்கு என் வாயைக் கட்டியிருக்கக் கூடாதா.

ஒன்பது நாள் அந்தச் செய்தி போனது. முதல் நாள் நல்ல மழை. ஜெயம்மா பயந்துபோய் நாலு ஆண்களைக் கூப்பிட்டு, அழகமுத்துவை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார வைத்துக் கட்டி, நூற்று எழுபது படி தூக்கிக்கொண்டு பக்கத்து மேட்டில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போனாள். ஒவ்வொரு படிக்கும் மனுஷன் இடுப்பு வலியில் கத்தியிருக்கிறார். பின்னேரம் மழை விட்டது, ஒன்றும் நடக்கவில்லை, திரும்ப இறக்கினார்கள். தூக்கின நாலு பேருக்கும் அன்றைய பேர் போனது, சம்பளமும் போனது. நாலாம் நாள் மறுபடி மழை, மறுபடி தூக்கினார்கள், மறுபடி ஒன்றும் இல்லை. ஏழாம் நாள் அவள் கூப்பிட்டபோது யாரும் வரவில்லை. மெசேஜுக்குப் பைத்தியம் என்று சிரித்தார்களாம்.

ஜெயம்மா என்னைத் திட்டத்தான் அழைத்தாள். தெரியாது என்று சொல்ல ஒரு மெஷின் எதற்கு என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அதை என்னிடம் கேட்காமல் தொரையிடம் கேளுங்கள், மழைமானியைத் தூக்கி நிறுத்தச் சொல்லுங்கள் என்றேன். தொரையிடம் எப்படிங்க கேட்கிறது என்றாள். கேட்க ஏலாதாம். பிறகு என்னிடம் மட்டும் கேட்க ஏலுமாக்கும். கோபத்தில் போனை வைத்துவிட்டேன், பிறகு அழகமுத்துவின் இடுப்பை நினைத்து வெட்கமாகப் போனது.

பத்தாம் நாள் செய்தி மாறியது. "இன்று மழை 11 மி.மீ. ஆபத்து இல்லை." அடுத்த நாள் 0. அதற்கடுத்த நாள் 26. சுதாகரனுக்கு அழைத்தேன். அவனே இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் கம்பத்தை நிறுத்தி, எறும்புக் கூட்டைத் தட்டி, அறுந்த வயரை முறுக்கிக் கட்டிவிட்டானாம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சிரித்த முகமாகக் கொப்பி எடுத்துக் கொடுத்தேன். ஒரு விஷயத்தை மட்டும் அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒக்டோபர் கடைசியில் மழை பிடித்தது. திங்கட்கிழமை செய்தி 38 என்றது. அன்றைக்குப் பகல் முழுக்க ஊற்றியது. செவ்வாய் 61. செவ்வாய் இரவெல்லாம் கூரைத் தகரத்தில் கல் கொட்டுகிற மாதிரிச் சத்தம், என் புருஷன் நிஸார் இரண்டு தடவை எழுந்து முன்கதவுக்குச் சாக்கு வைத்தார். புதன்கிழமை காலை ஆறு மணிக்கு என் போன் கிணுகிணுத்தது.

"இன்று மழை 61 மி.மீ. மண்சரிவு ஆபத்து இல்லை."

அறுபத்தொன்று. நேற்றும் அறுபத்தொன்று. இவ்வளவு பெய்த இரவுக்குப் பிறகு எண்ணாவது அசைய வேண்டாமா?

சுதாகரனுக்கு அழைத்தேன். கருவி வாசித்ததா என்று கேட்டேன். ஹரி ஹரி, எல்லாம் சரி, வாசிச்சிருக்கு என்றான், நான் கேட்டு முடிக்க முன்னாலேயே. போய்ப் பார்த்துச் சொல் என்றேன். பார்த்துவிட்டு அழைக்கிறேன் என்றான். அரை மணித்தியாலம் பொறுத்தேன். அழைக்கவில்லை. ஜெயம்மாவுக்கு அழைத்தேன். லயத்துக்குப் பின்னால் ஓடுகிற கானில் தண்ணீர் கலங்கலாக வருகிறது, சேற்று நிறத்தில், ஆனால் செய்தி வந்துவிட்டது மிஸ், ஆபத்து இல்லையாம் என்றாள். மேட்டிலிருந்து கலங்கல் தண்ணீர் வந்தால் உள்ளே மண் கரைந்து நகரத் தொடங்கிவிட்டது என்று அரநாயக்கவுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனால் செய்தி வந்துவிட்டதே.

ஓட்டோக்காரர் இரட்டைக் கூலி கேட்டார், சரி என்று ஏறினேன். தோட்டத்து ஒபிஸுக்கு நான் போய்ச் சேரும்போது ஒன்பதரை. நனைந்துபோய் உள்ளே நுழைந்தேன். சுதாகரன் ஏதோ பட்டியல் எழுதிக்கொண்டிருந்தான். அவனைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்து, கறுப்புத் திரையைத் திறந்தேன்.

நான் எழுதின வரி அப்படியேதான் இருந்தது. && இருந்தது, கடைசியில் || இருந்தது, என்னுடைய தெரியாது என்ற செய்தி இருந்தது. ஆனால் மழைமானியை வாசிக்கிற கட்டளைக்குப் பக்கத்தில் இன்னொரு சோடி நேர்கோடு. அதற்குப் பின்னால் ட்ரூ என்று ஒரு சொல்.

ட்ரூ ஒரு கட்டளைதான். அது எந்த வேலையும் செய்யாது. கூப்பிட்டவுடன் 'ஆச்சு' என்று மட்டும் சொல்லும், எப்போதும் சொல்லும். வாசி, வாசிக்க முடியாவிட்டால் 'ஆச்சு' என்று சொல்லு. அப்புறம் && வருகிறது. அது கேட்கிறது: முன்னுக்கு உள்ளது நடந்ததா? ஆச்சுங்க. சரி, அனுப்பு. முறுக்கிக் கட்டின வயர் நனைகிற நாளெல்லாம் மழைமானி பதில் சொல்லாது, கோப்பில் முதல் நாள் எண் அப்படியே கிடக்கும், அதுவே செய்தியாகப் போகும். வயர் எப்போது நனையும்? மழை பெய்தால் நனையும். வெயில் நாளில் ஒழுங்காக வாசித்து, பெருமழை நாளில் மட்டும் பொய் சொல்கிற ஒரு கருவியை அவன் செய்துவைத்திருந்தான்.

எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பெட்டியைத் தூக்கி வெளியே எறிந்திருப்பேன். என்ன இது என்று மட்டும் கேட்டேன். அவன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை.

"தெரியாதுங்கிற மெசேஜ் இனிமே போகக் கூடாதுன்னுட்டாருங்க தொரை. லயத்து ஆளுங்க வேலைக்கு வராம, போன்ல அந்த மெசேஜக் காட்டுறாங்களாம். நீங்க எழுதினத அழிக்க எனக்கு மனசு வரல. அதான் இப்புடி." திரையில் விரலை வைத்து, "அந்த ரெண்டு கோடு நீங்கதானே காட்டித் தந்தீங்க" என்றான்.

என்னையும் கைவிடாமல், தொரையையும் கைவிடாமல், இரண்டு பேருக்கும் நல்லவனாக இருக்கப் பார்த்திருக்கிறான். அந்த நல்லதனத்துக்குக் கீழேதான் பத்துக் குடும்பம் படுத்திருந்தது.

வரியைத் திருத்திக்கொண்டிருக்க நேரமில்லை. பட்டியலைத் திறந்து, கையால் ஒரு செய்தி எழுதி எல்லாருக்கும் அனுப்பினேன். "கருவி வாசிக்கவில்லை. காலையில் வந்த செய்தி பொய். கீழ் லயத்து ஆட்கள் உடனே பள்ளிக்கூடத்துக்கு ஏறவும்." அனுப்பி முடிய என் போன் அடித்தது. ஜெயம்மா.

"எந்த மெசேஜ மிஸ் நம்புறது? காலம்பற வந்ததயா, இப்ப வந்ததயா? ரெண்டும் ஒரே நம்பர்லதானே வருது."

அழுதுவிட்டாள். நாலு பேர் வராமல் அவரைத் தூக்க ஏலாது, கூப்பிட்டால் சிரிப்பார்கள், எதைச் சொல்லிக் கூப்பிடுவது என்றாள். போனில் பேசி ஆகிற காரியமில்லை. சுதாகரன் என் முகத்தைப் பார்த்தான். தொரை கேட்டால் என்ன சொல்வது என்று ஆரம்பித்தான். தொரையை நீ பிறகு பார்த்துக்கொள், இப்போது வந்து கதிரையைப் பிடி என்றேன். மரியாதையெல்லாம் போய் 'நீ' என்றுதான் வாயில் வந்தது.

ஒன்று சொல்ல வேண்டும், அவன் வந்தான். எனக்கு முன்னால் ஓடினான். லயத்து வாசலில் நின்று, நான்தான் அந்த மெசேஜை அனுப்புகிறவன், காலையில் வந்தது பொய், எல்லாரும் ஏறுங்கள் என்று கத்தினான். ஒபிஸ் கிளாக்கர் மழையில் தொப்பியில்லாமல் நின்று கத்துவதைப் பார்த்துத்தான் சனம் அசைந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டார்கள், துணி மூட்டையைக் கட்டிக்கொண்டார்கள். அழகமுத்து வர மாட்டேன் என்றார். மூன்றாவது தடவை, இந்த முறை சாகவிடுங்கள் என்று கத்தினார். கதிரையின் ஒரு காலைச் சுதாகரன் பிடித்தான், அடுத்ததை ஜெயம்மா. சிரித்தவர்களில் இரண்டு பேர் சத்தமில்லாமல் வந்து மற்ற இரண்டையும் பிடித்தார்கள். நான் அவருடைய மருந்துப் பையையும் கிளினிக் கொப்பியையும் அபாயாவுக்குள் மறைத்துக்கொண்டு பின்னால் ஏறினேன். நூற்று எழுபது படியும் அவர் எங்களைத் திட்டினார். என்னையும் சேர்த்துத்தான். நன்றாகத் திட்டட்டும் என்றிருந்தது.

பகல் ஒன்றேமுக்காலுக்கு மலை இறங்கியது. பெரிய வெடிச் சத்தமெல்லாம் இல்லை. லொறியிலிருந்து மண் கொட்டுகிற மாதிரி ஒரு நீண்ட சத்தம், பிறகு இறப்பர் மரங்கள் முறிகிற சத்தம். பள்ளிக்கூட விறாந்தையில் நின்று பார்த்தோம். லயத்தின் அந்தப் பக்கத்து மூன்று காம்பிரா காணாமல் போயிருந்தது. நாலாவது ஜெயம்மாவுடையது. அதன் பின்சுவர் வரை சேறு வந்து நின்றது. ஆள் சேதம் இல்லை.

மறுநாள் காலை ருவான்வெல்லைக் கடைக்காரர்கள் சேர்த்துக் கொடுத்த பாணையும் பருப்பையும் ஏற்றிக்கொண்டு நானும் நிஸாரும் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். மழை தூறலாகக் குறைந்திருந்தது. பெரிய தொரை வந்திருந்தார், கூட மண்சரிவைப் பார்த்து எழுத வந்த வெளியூர் அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர். சுதாகரன் தொரைக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றான். இரவு முழுக்க லயத்து ஆட்களோடு பள்ளிக்கூடத்தில்தான் இருந்தானாம், கண் சிவந்துபோயிருந்தது.

தொரை அந்த உத்தியோகத்தருக்குச் சிங்களத்தில் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். எங்கள் தோட்டத்தில் முன்னெச்சரிக்கைக் கருவி இருக்கிறது, நேற்று அது சரியான நேரத்துக்குச் செய்தி அனுப்பியது, அதனால்தான் ஓர் உயிர்கூடப் போகவில்லை என்றார். உத்தியோகத்தர் கொப்பியில் எழுதிக்கொண்டார். கையில் பாண் பெட்டியோடு நான் அப்படியே நின்றேன். கருவி அனுப்பியதாம்! நனைந்து, நடுங்கி, திட்டு வாங்கி, கையால் தட்டி அனுப்பிய செய்தி கருவியின் கணக்கில் போய்விட்டது. இனி அந்தக் கருவியில் யாரும் கை வைக்கப்போவதில்லை, நன்றாக வேலை செய்கிறதே.

பிறகு தொரை லயத்து ஆட்கள் பக்கம் திரும்பினார். அவருடைய தமிழ் எல்லாருக்கும் விளங்கும். மூன்று வீடு போய்விட்டது, வருத்தம்தான், அவர்கள் இங்கேயே இருக்கட்டும். மிச்ச ஏழு வீட்டு ஆட்களும் இன்று இறங்கலாம், பள்ளிக்கூடத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும், நாளைக்கு வழமை போல் பெரட்டு என்றார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து உயர்த்திக் காட்டினார். காலை ஆறு மணிக்குச் செய்தி வந்திருக்கிறதாம், ஆபத்து இல்லையாம்.

பாண் சேர்க்கிற அவசரத்தில் நான் காலையில் என் போனைப் பார்த்திருக்கவில்லை. வந்திருக்கும். ஏன் வராது? நேற்று நான் செய்தியை அனுப்பிவிட்டு, அந்த வரியைத் தொடாமலேதான் ஓடினேன். சுதாகரனும் ஒபிஸ் பக்கம் போகவில்லை. நனைந்த வயர், பழைய எண், 'ஆச்சு'. சேறு முட்டிக்கொண்டு நிற்கிற சுவருக்குப் பக்கத்தில் அழகமுத்துவைத் திரும்பக் கொண்டுபோய்ப் படுக்க வைக்கச் சொல்கிறது. நான் கத்த வாயைத் திறந்தேன். நிஸார் என் கையைப் பிடித்தார். நான் வெளியாள், நான் கத்தினால் தொரை என்னைப் பஸாருக்கு அனுப்பிவிட்டு அவர்களை லயத்துக்கு அனுப்புவார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சனம் ஒவ்வொருவராக எழும்பி மூட்டையைத் தூக்கத் தொடங்கியது.

ஜெயம்மா எழும்பினாள். மூட்டையைத் தூக்கவில்லை. நேரே நடந்து தொரைக்கு முன்னால் வந்தாள், ஆனால் தொரையைப் பார்க்கவில்லை, குடை பிடித்திருந்தவனைப் பார்த்தாள்.

"தம்பி, அது வாசிச்சிச்சா?"

சுதாகரனின் வாய் திறந்தது. எனக்குத் தெரியும், அவன் நாக்கில் ஹரி என்றுதான் வந்து நின்றிருக்கும். தொரையும் அவனைப் பார்த்தார், உத்தியோகத்தரும் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். குடை கொஞ்சம் சாய்ந்து தொரையின் தோளில் தண்ணீர் சொட்டியது.

"வாசிக்கலைங்க" என்றான். "நேத்தும் வாசிக்கல, இன்னைக்கும் வாசிச்சிருக்காது. நான்தான் ஆச்சுன்னு சொல்ல வச்சேன்." உத்தியோகத்தருக்கு விளங்க வேண்டும் என்று அதையே சிங்களத்திலும் ஒரு தடவை சொன்னான்.

தொரை அவனிடம் ஏதோ கேட்டார், மெதுவாக, பல்லைக் கடித்துக்கொண்டு. அவனுடைய வேலை அந்த நிமிஷமே போய்விட்டது என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரிந்தது. ஜெயம்மா அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. திரும்பி வந்து, அழகமுத்து படுத்திருந்த பாயில் உட்கார்ந்து, போர்வையை அவர் காலுக்கு இழுத்துவிட்டாள்.

"அப்ப நாங்க எறங்கலைங்க" என்றாள்.

தூக்கின மூட்டைகளை ஒவ்வொருவராகக் கீழே வைத்தார்கள்.